கண்ணுக்கு வயனம்

அழகுமீனாவுக்குக் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மங்கின வெளிச்சத்திலும் ஊசியில் நூல் கோப்பாள். கம்பெனி பஸ் பாலத்துக்கு அந்தப் பக்கம் வரும்போதே அது எந்தக் கம்பெனி என்று படித்துச் சொல்லிவிடுவாள். இருந்தும் 2007 தீபாவளி முடிந்த சில வாரத்தில், தனக்குக் கண் எரிகிறது என்றும் இருக்கன்குடி மாரியம்மனுக்கு வயனம் இருப்பதாக நேர்ந்துகொண்டிருக்கிறேன் என்றும் வீட்டில் சொன்னாள். அவள் வாழ்க்கையில் சொன்ன பெரிய பொய் அதுதான். அதற்கு முன் சொன்னதெல்லாம் சில்லறை.

பட்டாசு ஆபீஸ் என்றுதான் அந்தப் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையைச் சொல்வார்கள். அங்கே வேலை பார்க்கிற பெண் கண் எரிகிறது என்றால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில் இருந்து வருகிறவளின் இமை மயிரில்கூட அலுமினியத் தூள் மின்னும். குளித்தாலும் போகாது.

சிவகாசிப் பக்கத்துக் கதை என்றதும் எப்போது வெடிக்கும் என்று காத்திருப்பவர்கள் உண்டு. இதில் எதுவும் வெடிக்காது. இது தூக்கத்தைப் பற்றிய கதை.

அழகுமீனா விடியுமுன் எழுந்து தண்ணீர் பிடிப்பாள். சோறும் குழம்பும் ஆக்கி, கணவனுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நாத்தனாருக்கும் எடுத்து வைத்துவிட்டு, தன் தூக்குவாளியோடு ரோட்டுக்கு ஓடுவாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்காது. பொழுது சாயத் திரும்பி வந்தால் பாத்திரம், துணி, மறுபடி அடுப்பு. ஆடி பிறந்துவிட்டால் சீசன். ஞாயிற்றுக்கிழமையும் வேலை உண்டு. இதில் புதுமை ஒன்றும் இல்லை. அந்தத் தெருவில் எல்லாப் பெண்களுக்கும் இதே கணக்குத்தான்.

அவள் கணவன் பாண்டிராஜ் லாரி ஆபீஸில் லோடுமேன். நல்லவன்தான். எப்போதாவது குடிப்பான், கை நீட்ட மாட்டான், மகள் ஓவியா மேல் உயிராக இருப்பான். ஊரில் அழகுமீனாவைக் கொடுத்துவைத்தவள் என்றே பேசிக்கொண்டார்கள். அவனும் முதுகு ஒடிய வேலை செய்கிறவன்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் லோடு ஏறி, தார்ப்பாயைக் கட்டிவிட்டால் அவன் வேலை முடிந்தது. வீட்டுக்கு வந்து காலை நீட்டிவிட்டால் அந்தக் காலைத் தாண்டித்தான் எல்லாரும் போகவேண்டும். அழகுமீனாவின் வேலை எந்த இடத்தில் முடிகிறது என்று அவளுக்கே தெரியாது.

அவளுக்குப் பிடித்தது இடி. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லாமல் இருந்தாள். பட்டாசு ஆபீஸில் இடி மின்னல் என்றால் போர்மேன் விசில் ஊதிவிடுவார். கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எல்லாரும் மருந்து அறைகளை விட்டு வெளியேறி, தூரத்தில் சாப்பாட்டுக் கொட்டகைக்குப் போய்விட வேண்டும். வானம் அடங்குகிறவரை ஒரு வேலையும் கிடையாது. மற்றவர்கள் கூலி போகிறதே என்று வானத்தைத் திட்டுவார்கள். அழகுமீனா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வாள். இடி இடிக்க இடிக்க அவளுக்குத் தூக்கம் வரும்.

தீபாவளிக்கு முந்திய அப்படியொரு இடிப் பொழுதில்தான், பக்கத்தில் உட்கார்ந்திருந்த சுப்புலட்சுமி தன் மாமியார் இருக்கன்குடிக்குப் போய்த் தங்கியிருக்கிற கதையைச் சொன்னாள். இருக்கன்குடியில் அப்படி ஒரு வழக்கம் உண்டு. கண் நோவு, அம்மை என்று வந்தவர்கள் போய்க் கோயில் மண்டபத்திலேயே தங்குவார்கள். ஆற்றில் குளித்து, ஈரத்துணியோடு அம்மனைச் சுற்றிவந்து, அபிஷேகத் தண்ணீரை வாங்கிக் கண்ணில் விட்டுக்கொள்வார்கள். வயனம் காப்பது என்று இதற்குப் பெயர்.

“மத்த நேரம் என்ன செய்வாக?” என்று கேட்டாள் அழகுமீனா.

“என்னத்தைச் செய்ய. ஈரத்துணியைக் கண்ணுல போட்டுக்கிட்டுப் படுத்தே கெடக்க வேண்டியதுதேன். ஒருத்தரும் எந்திரின்னு சொல்ல மாட்டாக. சாமி காரியம்ல.”

படுத்தே கிடக்கலாம். இந்த ஒரு சொல் அழகுமீனாவின் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. வானம் வெளுத்து, போர்மேன் மறுபடி விசில் ஊதி, அவள் போய்ப் புஸ்வாணத்தின் முன் உட்கார்ந்த பிறகும் அது இறங்கவில்லை.

தீபாவளி முடிந்ததும் கம்பெனியை மூடினார்கள். மறுபடி பூஜை போட்டுத் திறக்கச் சில வாரம் ஆகும். வருஷம் முழுக்க அவள் எதிர்பார்த்திருந்த நாட்கள் அவை. வந்ததும்தான் அவற்றின் லட்சணம் தெரிந்தது. வருஷா வருஷம் தெரிவதுதான், வருஷா வருஷம் மறந்துபோகிறது.

“நீ லீவுலதான இருக்க” என்று தொடங்காத ஆள் கிடையாது. லீவில்தானே இருக்கிறாய், வீட்டுப் போர்வையெல்லாம் துவைத்துவிடு என்றான் பாண்டிராஜ். லீவில்தானே இருக்கிறாய், மிளகாய் வறுத்து ஒரு வருஷத்துக்குப் பொடி திரித்து வைத்துவிடு என்றாள் நாத்தனார் மூக்கம்மாள். காரியாபட்டியில் ஒரு கல்யாணம். லீவில்தானே இருக்கிறாய், முதல் நாளே போய்க் காய் நறுக்கக் கூடமாட இரு என்றார்கள். காட்டில் போய் விறகு வெட்டிக் கட்டிக்கொண்டு வந்தாள். ரேஷன் கடையில் வெயிலில் நின்றாள். பாண்டிராஜும் லீவில்தான் இருந்தான். அவன் அரசாங்கம் கொடுத்த கலர் டிவியின் முன் படுத்து, அது ஓடிக்கொண்டிருக்கும்போதே தூங்கினான். அதை அழகுமீனா நின்று பார்த்தாள். அவளுக்குப் பொறாமையாக இருந்தது. வாயைத் திறந்துகொண்டு தூங்குகிற ஒருவனைப் பார்த்துப் பொறாமைப்படும்படி ஆகிவிட்டதே என்று தன் மேலேயே எரிச்சலும் வந்தது.

முதலில் அவள் உண்மையைத்தான் சொல்லிப் பார்த்தாள். இதையும் குறித்துக்கொள்ள வேண்டும். ஒரு நாள் பாண்டிராஜ் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சொன்னாள்.

“எனக்கு ரொம்ப அசதியா இருக்குங்க. ஒரு மூணு நா எங்கிட்டாவது போய்ச் சும்மா படுத்துக் கெடக்கணும்போல இருக்கு.”

பாண்டிராஜ் பதறிவிட்டான். சொன்னேனே, நல்லவன். அப்போதே சைக்கிளில் உட்கார வைத்துச் சாத்தூருக்குக் கூட்டிக்கொண்டு போனான். டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். இடுப்பில் ஒரு ஊசி போட்டு, சிவப்பாக ஒரு டானிக் எழுதிக் கொடுத்தார். வருகிற வழியில் பாண்டிராஜ் அவளுக்குப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்ததும் அவள் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்து மாவு ஆட்டினாள். அதன் பிறகு அசதி என்று வாயெடுக்க வழியில்லாமல் போயிற்று. அதற்குத்தான் ஊசி போட்டாகிவிட்டதே.

கம்பெனி திறக்கிற நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. திறந்துவிட்டால் அடுத்த தீபாவளிவரை இடியைத்தான் நம்பியிருக்க வேண்டும். ஒரு மத்தியானம் பாத்திரம் துலக்கிக்கொண்டே அழகுமீனா மாரியம்மனிடம் பேசினாள். ஆத்தா, நான் பொய் சொல்லப்போறேன். கோவிச்சுக்கிட்டு நிசமாவே கண்ணை எடுத்துராத. எடுத்துத்தான் ஆகணும்னா காதை எடுத்துக்க. அதால எனக்கு ஒரு லாபமும் இல்ல, நாலு பேரு கூப்பிடுறதைத்தான் கேக்க வேண்டியிருக்கு. வேண்டிக்கொண்டாளே தவிர, பயம் போகவில்லை. அந்தப் பக்கத்தில் கண் போனவர்களை அவள் பார்த்திருக்கிறாள். தூக்கத்துக்காகக் கண்ணைப் பந்தயம் வைக்கிறோம் என்று தெரிந்துதான் அன்று சாயங்காலம் வாயைத் திறந்தாள்.

“கண்ணு எரிச்சல் தாங்க முடியலைங்க. இருக்கன்குடி ஆத்தாளுக்கு நேந்திருக்கேன். மூணு நா வயனம் காக்கணும்.”

டிவியின் சத்தத்தைப் பாண்டிராஜ் குறைத்தான். அம்மன் பெயரைச் சொன்ன பிறகு அந்த வீட்டில் யார் எதிர்த்துப் பேசப் போகிறார்கள்? ஏன், எதற்கு, யார் சோறாக்குவது என்று ஒரு கேள்வி வரவில்லை. இவ்வளவு சுலபமா என்று அழகுமீனாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஊசி போட்டுக்கொள்ளாமல் இதை முதலிலேயே சொல்லியிருக்கலாம்.

“போயிருவோம். வெள்ளிக்கெழமையே போயிருவோம்” என்றான் பாண்டிராஜ்.

போயிருவோம் என்றதை அவள் அப்போது சரியாகக் கேட்கவில்லை. சந்தோஷத்தில் இருந்தாள்.

அழகுமீனா செய்த தப்பு இதுதான். சுகமில்லை என்றால் ஒருத்தியைத் தனியாக விட்டுவிடுவார்கள். நேர்த்திக்கடன் என்றால் விடமாட்டார்கள், குடும்பமே கிளம்பும். அவளும் அந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், இது தெரியாதவள் இல்லை. தூக்க ஆசையில் மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை விடியும்போது பாண்டிராஜின் கூட்டாளி புகழேந்தி தன் லோடு வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். மூக்கம்மாள் முதல் ஆளாக ஏறி முன்சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பாண்டிராஜுக்கு அக்கா. புருஷன் போன பிறகு அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள், சாப்பாடு மட்டும் இங்கே. மகனுக்கு அம்மை போட்டபோது இருக்கன்குடியில் வயனம் காத்தவள் என்பதால் இந்தப் பயணத்தில் அவளுக்குத்தான் முதல் மரியாதை. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்தார்கள். ஓவியாவும் அவள் தம்பி எழிலும் ஏறினார்கள். பிறகு அரிசி மூட்டை ஏறியது. அண்டா, பானை, அரிவாள்மனை, மசாலா டப்பா, விறகுக்கட்டு, பாய், தலையணை எல்லாம் ஏறின. லோடு ஏற்றுவதில் பாண்டிராஜ் கைதேர்ந்தவன். வீட்டில் பாதியைக் கொண்டுபோய் வேனில் அடுக்கிவிட்டான்.

“எனக்கு எதுக்குங்க இம்புட்டு?” என்றாள் அழகுமீனா.

“ஒன்னைய மட்டும் அங்கன தனியா விட்டுட்டு நாங்க இங்கன என்ன செய்ய? சோத்துக்கு எங்க போறது?” என்றான் அவன், அன்பாகத்தான்.

இருக்கன்குடியில் ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் ஓடியது. அழகுமீனா குளித்து, ஈரச்சேலையோடு கோயிலைச் சுற்றிவந்து, தண்ணீரை வாங்கிக் கண்ணில் விட்டுக்கொண்டாள். அது குளுகுளுவென்று இருந்தது. மண்டபத்தில் தூணோரமாகப் பாயை விரித்து, ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு காலை நீட்டினாள். கல் தரையின் குளிர்ச்சி பாயைத் தாண்டி முதுகுக்கு வந்தது. அவள் ஒரு பெருமூச்சு விட்டாள். அது முழுதாக வெளியே வரவில்லை.

“அழகு, புளியை எங்கன வச்ச?” என்றாள் மூக்கம்மாள்.

சொன்னாள். அடுத்தபடி எழிலுக்கு ஜட்டி எங்கே என்று கேள்வி வந்தது. அதற்கடுத்து, மண்டபத்துக்குப் பின்னால் மரத்தடியில் மூன்று கல்லைக் கூட்டிவைத்திருக்கிறேன், தீப்பெட்டியைக் காணோம் என்று பாண்டிராஜ் வந்து நின்றான். தீப்பெட்டியும் பட்டாசும் செய்கிற ஊரில் இருந்து ஒரு வேன் நிறையச் சாமான் ஏற்றிக்கொண்டு வந்தவர்கள் தீப்பெட்டியை மறந்துவிட்டார்கள். அழகுமீனா எழுந்து போய்ப் பக்கத்து அடுப்பில் நெருப்பு வாங்கிவந்து மூட்டினாள். மூட்டியவள் அப்படியே உலையும் வைத்தாள். உலை வைத்தவள் வெங்காயமும் உரித்தாள். யாரும் அவளை வேலை செய்யச் சொல்லவில்லை. சொல்லாமலே நடந்தது. அன்று அவள் மூன்று வேளையும் அடுப்பில்தான் இருந்தாள். விறகு நனைந்திருந்தது, ஊதி ஊதி நெஞ்சு வலித்தது. வீட்டில் இருந்திருந்தால் இதில் பாதி வேலைதான். சாப்பிட்டு முடித்துப் புகழேந்தி, “கோயில்ல வந்து தின்னா ஒரு ருசிதேன்” என்று சொன்னான். இறக்கிவிட்டுப் போகாமல் அவனை எதற்காகத் தங்கவைத்தார்கள் என்று அவளுக்கு அப்போதும் விளங்கவில்லை.

மறுநாள் காலையில் குளித்துவிட்டுத் திரும்பும்போது அவள் ஒரு முடிவோடு வந்தாள். பொய் என்று ஆகிவிட்டது, அதை அரைகுறையாகச் சொன்னதுதான் தப்பு. கண்ணில் துணியைப் போட்டுக்கொண்டு பாயில் படுத்தாள். பாண்டிராஜ் வந்து காப்பிக்கு அடுப்பு மூட்டவில்லையா என்று கேட்டபோது படுத்தபடியே சொன்னாள்.

“கண்ணுக்கு வயனம் காக்கறவ தீ மொகத்துல முழிக்கக் கூடாதாம்.”

“நேத்துச் சொல்லவே இல்ல?”

“நேத்துத் தெரியல. இன்னைக்கு ஆத்தங்கரையில ஒரு அம்மா சொன்னாக.”

ஆற்றங்கரையில் எந்த அம்மாவும் எதுவும் சொல்லவில்லை. பாண்டிராஜ் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். துணிக்கு அடியில் அழகுமீனா காதைத் தீட்டிக்கொண்டாள். வயனத்தின் முறையெல்லாம் மூக்கம்மாளுக்கு அத்துப்படி. அப்படி ஒரு முறை கிடையாது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், தூக்கமும் போச்சு, மானமும் போச்சு.

மூக்கம்மாள் வெற்றிலையைக் கன்னத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளினாள். படுத்திருக்கிறவளின் பாதத்தைப் பார்த்தாள். வெடித்து, வெடிப்புக்குள் எல்லாம் வெள்ளித்தூள் ஏறிக் கிடந்த பாதம்.

“ஆமாலே. தீயைப் பாக்கக் கூடாதுதேன். நாந்தேன் சொல்ல மறந்துட்டேன்” என்றாள்.

அழகுமீனா தூங்கினாள். எப்படித் தூங்கினாள் என்று விவரிக்க ஒன்றும் இல்லை. கனவு வரவில்லை. கோயில் மணி அடித்தது காதில் விழவில்லை. யாரோ ஒரு குழந்தை அவள் காலை மிதித்துக்கொண்டு ஓடியதும் தெரியவில்லை. பல வருஷமாக அவளிடமிருந்து பிடித்துவைத்திருந்ததை யாரோ மொத்தமாகக் கையில் கொடுத்ததுபோல, போட்டது போட்டபடி கிடந்தாள். அவ்வளவு நிம்மதியை அவள் கல்யாணத்துக்குப் பிறகு அனுபவித்தது இல்லை.

விழித்தபோது வெயில் மண்டபத்துத் தரையில் பாதிவரை வந்திருந்தது. கண்ணில் கிடந்த துணி காய்ந்துபோயிருந்தது. உடம்பு கழுவி வைத்த பாத்திரம்போல லேசாக இருந்தது. பசித்தது. புருஷன் ஆக்கின சோறு எந்த லட்சணத்தில் இருக்கிறது என்று பார்ப்போமே என்று, சிரிப்பை அடக்கிக்கொண்டு மண்டபத்தின் பின்பக்கம் வந்தாள்.

மரத்தடியில் பாண்டிராஜும் புகழேந்தியும் துண்டை விரித்துச் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். எழில் ஆற்றில் யாரோ பையன்களோடு ஆடிக்கொண்டிருந்தான். மூக்கம்மாள் மூட்டு வலிக்காரி, காலை நீட்டி வைத்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அடுப்பின் முன்னால் ஓவியா குந்தியிருந்தாள்.

அவளுக்குப் பதிமூன்று வயது. பாவாடையை முழங்காலுக்கு இழுத்துச் செருகி, தலையை ஒருபக்கம் சாய்த்துப் புகைக்குத் தப்பித்துக்கொண்டு அடுப்பை ஊதினாள். கரண்டி பிடித்த கையின் மணிக்கட்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதே கையால் மூடியைத் தள்ளிப் பதம் பார்த்தாள். அழகுமீனா தன்னை இதுவரை பின்னால் இருந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்தாள்.

“எம்புட்டு நேரமா இங்கன உக்காந்திருக்க?”

“காப்பி போட்டதுலருந்தும்மா. இந்தா ஆச்சு. வெறகுதேன் எரிய மாட்டேங்குது” என்று திரும்பிய ஓவியா, சட்டென்று கரண்டியைப் போட்டுவிட்டு எழுந்து ஓடிவந்தாள். வந்து, இரண்டு கையாலும் அம்மாவின் கண்ணைப் பொத்தினாள்.

“நீ இங்கிட்டு வரக்கூடாதும்மா. தீயைப் பாத்தா உனக்குக் கண்ணு போயிரும்னு அத்தை சொன்னாக. போம்மா. போய்ப் படு. நான் பாத்துக்கிடுதேன்.”

அந்தக் கையில் வெங்காயமும் கரியும் மணத்தன. அழகுமீனா அந்தக் கைகளுக்குள் நின்றாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது. தான் அனுபவித்த தூக்கம் எங்கிருந்து வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. அது பாண்டிராஜிடமிருந்து வந்தது என்று நினைத்துத்தான் அவ்வளவு நிம்மதியாகத் தூங்கியிருந்தாள். வெட்கத்தோடு கோபமும் வந்தது, வெட்கத்தைவிடப் பெரிய கோபம். மரத்தடியில் யாரோ சீட்டைத் தட்டிப் போட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம். கண்ணில் ஒன்றுமில்லை, தூங்கத்தான் வந்தேன், கரண்டியை இங்கே கொடு என்று வாங்கிக்கொள்ளலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் அடுப்பின் முன் உட்காருவாள், சீட்டாட்டம் தொடரும், இன்னும் சில வருஷத்தில் வேறொரு வீட்டில் ஓவியாவும் உட்காருவாள். ஆத்தா, இன்னொண்ணு சொல்லிக்கிறேன், கணக்கை எம்பேர்லயே எழுதிக்க என்று மனசுக்குள் சொன்னாள். மகளின் கைகளைக் கண்ணிலிருந்து எடுத்து, அவள் முகத்தை நிமிர்த்திப் பார்த்தாள். புகையில் இரண்டு கண்ணும் கொவ்வைப் பழமாக இருந்தன.

“ஏங்க, இங்க வாங்க. பிள்ளைக்கும் கண்ணு நோவு வந்திருச்சு.”

பாண்டிராஜ் கையில் சீட்டோடு ஓடிவந்தான். மகளின் முகத்தைப் பார்த்ததும் அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

“புகைப்பா” என்றாள் ஓவியா.

“புகைன்னுதேன் நானும் மொதல்ல நெனச்சேன்” என்றாள் அழகுமீனா. “எனக்கும் இப்படித்தேன் ஆரம்பிச்சது.”

“சாத்தூருக்குப் போயிருவமா? டாக்டர்ட்ட காட்டிருவோம்.”

“ஆத்தா காலடியில வந்து நின்னுக்கிட்டு டாக்டரா? அவளும் வயனம் காக்கட்டும். நாளைக்குப் பொழுது சாயற வரைக்கும் அவளும் தீ மொகத்துல முழிக்கக் கூடாது.”

பாண்டிராஜ் அக்காவைப் பார்த்தான். மூக்கம்மாள் அழகுமீனாவைப் பார்த்தாள். பிறகு ஓவியாவைப் பார்த்தாள். பிறகு மடியில் கிடந்த, பாதி உரித்த வெங்காயத்தைப் பார்த்தாள். இனி அடுப்பு யார் கைக்கு வரும் என்று கணக்குப் போட அவளுக்கு நேரம் ஆகவில்லை. கத்தியைக் கீழே வைத்தாள்.

“எனக்குங்கூட விடிஞ்சதுலருந்து உறுத்திக்கிட்டேதேன்லே இருக்கு. எதுக்குச் சொல்லிக்கிட்டுன்னு இருந்தேன்” என்றாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, யாரையும் பார்க்காமல் மண்டபத்துக்கு நடந்தாள்.

தூணோரத்தில் இன்னொரு பாயைச் சேர்த்து விரித்தார்கள். நடுவில் ஓவியா, இந்தப் பக்கம் அழகுமீனா, அந்தப் பக்கம் மூக்கம்மாள். ஈரத்துணியைக் கிழித்து ஆளுக்கொன்று கண்ணில் போட்டுக்கொண்டார்கள். பாண்டிராஜ் கால்மாட்டில் வந்து நின்றான். கையில் இன்னும் சீட்டு இருந்தது.

“அப்பச் சோறு?”

மூக்கம்மாள் காலை நன்றாக நீட்டிக்கொண்டாள்.

“நா வேணா சாத்தூர்ல ஓட்டல்ல வாங்கிட்டு வந்துரட்டுமா?” என்றான் பின்னால் நின்ற புகழேந்தி.

“வயனம் காக்கறவுக ஓட்டல் சோறு திங்கக் கூடாது” என்றாள் மூக்கம்மாள் துணிக்கு அடியில் இருந்து. முறை தெரிந்தவள் சொல்லிவிட்ட பிறகு பேச ஒன்றும் இல்லை.

இருவரும் அடுப்புக்குத் திரும்பிப் போகிற காலடிச் சத்தம் கேட்டது. ஏதோ கவிழ்ந்தது. புகழேந்தி சிரித்தான், பாண்டிராஜ் அவனை வைதான். பிறகு ஊதுகிற சத்தம் வந்தது. ஊதத் தெரியாத ஊதல். நனைந்த விறகு புகைந்து, புகை மண்டபத்துக்குள் வந்தது.

ஓவியா மெதுவாக அம்மாவின் காதுக்குப் பக்கத்தில் கேட்டாள்.

“அம்மா, எனக்கு நெசமாவே கண்ணு நோவா?”

“தூங்கி எந்திரிச்சா சரியாப் போயிரும்.”

“அப்ப உனக்கு?”

அழகுமீனா தன் துணியைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டாள்.

“எனக்கு இன்னுங் கொஞ்சம் தூங்கணும்” என்றாள்.

புகை இன்னும் அதிகமாயிற்று. துணிக்குள் புகுந்து கண்ணைக் கரித்தது. அழகுமீனாவுக்குக் கண்கள் நிஜமாகவே எரியத் தொடங்கின. இது புருஷன் மூட்டுகிற புகையா, ஆத்தாள் எழுதத் தொடங்கிவிட்ட கணக்கா என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆத்தாளாக இருந்தால், இந்த அளவோடு நிறுத்திக்கொள்ளட்டும் என்று நினைத்தாள்.

“மீனா, உப்பு எங்கன இருக்கு?” என்று அடுப்படியில் இருந்து பாண்டிராஜின் குரல் வந்தது.

ஓவியா எழுந்திருக்கத் தலையைத் தூக்கினாள். தூக்கத்துக்குள் போய்க்கொண்டிருந்தாலும் அந்தக் குரல் கேட்டதும் பிள்ளைக்கு உடம்பு தானாக எழும்பியது. அழகுமீனா கையை நீட்டி மகளின் நெற்றியில் வைத்து, அவளைப் பாயோடு படுக்கவைத்தாள். உப்பு அரிசி மூட்டைக்குப் பின்னால், நீல மூடி போட்ட டப்பாவில் இருந்தது.

“மீனா, உப்பு.”

அவள் மகள் மேல் வைத்த கையை எடுக்கவில்லை.